அம்புக்குறி எந்தப் பக்கம்? சறுக்குப்பெயர்ச்சித் தகைவின் திசையைப் புரிந்துகொள்வோம்

பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு சிறுதேர்வு வைத்திருந்தேன். அதில் இரண்டு மதிப்பெண் வினா ஒன்று: ‘ஒரு கனசதுரத்தின் அடிப்பக்கம் மேசையோடு ஒட்டப்பட்டுள்ளது. மேல்பக்கத்தில் வலப்புறமாக ஒரு விசை செயல்படுகிறது. கனசதுரத்தின் நடுத்தளத்தில் சறுக்குப்பெயர்ச்சித் தகைவின் திசையைக் குறிக்க.’

பெரும்பாலானவர்கள் பாடநூல் படத்தை நினைவில் வைத்து வலப்புறமாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் கனசதுரத்தின் மேல்பாதியைத் தனியாக வரைந்து, அதன் கீழ்ப்பரப்பில் இடப்புறமாக அம்புக்குறி போட்டிருந்தாள். அதிகம் யோசிக்காமல் சிவப்பு மையில் பெருக்கல் குறி இட்டேன்.

விடைத்தாளைக் கொடுத்ததும் அவள் எழுந்து வந்தாள். “சார், மேல்பாதியை மட்டும் தனியா எடுத்து வரைஞ்சிருக்கேன். அதைக் கீழ்பாதி பிடிச்சு இழுக்கும்ல? அப்போ இடது பக்கம்தானே சார் வரும்?”

“புத்தகத்துல படம் பார்த்தியா இல்லையாம்மா? விசை வலது பக்கம்தானே போகுது? போய் உட்காரு” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் திருத்த வேண்டிய குறிப்பேடுகளின் அடுக்கை ஓரமாக நகர்த்தக் கை வைத்தேன். மேலிருந்த ஏடுகள் நகர்ந்தன, கீழே இருந்தவை அங்கேயே நின்றன. அடுக்கு சரிந்து சாய்சதுரம்போல நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண் கேட்ட கேள்வி எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது. அவள் எழுதியது சரி. நான் கேட்ட வினாதான் முழுமையற்றது.

அந்த வினாவில் என்ன குறை, சறுக்குப்பெயர்ச்சித் தகைவின் திசையை எப்படிச் சொல்ல வேண்டும், அதைக் கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு வகுப்பில் எப்படிக் காட்டலாம் என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இனி ‘சறுக்குத் தகைவு’ என்றே சுருக்கமாக எழுதுகிறேன்.

விசையும் பரப்பும்

ஒரு பரப்பின் மீது செயல்படும் விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது தகைவு. ரப்பர் துண்டை இரு விரல்களால் அமுக்கினால் விசை பரப்புக்குச் செங்குத்தாக உள்நோக்கி இருக்கிறது. இது அமுக்கத் தகைவு. ரப்பர் பேண்டை இழுத்தால் விசை பரப்புக்குச் செங்குத்தாக வெளிநோக்கி இருக்கிறது. இது நீட்சித் தகைவு. அதே ரப்பர் துண்டை மேசை மேல் வைத்து, மேலே உள்ளங்கையை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் விசை பரப்போடு ஒட்டியபடி, பரப்புக்கு இணையாகச் செல்கிறது. இதுதான் சறுக்குத் தகைவு. தொடுகோட்டுத் தகைவு என்றும் சொல்கிறோம்.

அமுக்கத்திலும் நீட்சியிலும் திசையைப் பற்றி மாணவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை. ‘அமுங்குகிறது’ அல்லது ‘இழுபடுகிறது’ என்று சொன்னாலே போதும். சறுக்குத் தகைவில் அப்படி ஒரே சொல்லில் முடிக்க முடியாது. வலப்புறமா, இடப்புறமா என்று கேட்கத் தோன்றும். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பாடத்தில் தகைவை ‘ஓரலகு பரப்பில் செயல்படும் மீள்விசை’ என்று வரையறுக்கிறோம். படத்திலோ நாம் வெளியிலிருந்து கொடுக்கும் விசையை வரைகிறோம். வரையறையைப் பின்பற்றும் மாணவர் இடப்புறமாக அம்புக்குறி போடுவார். படத்தைப் பின்பற்றுபவர் வலப்புறமாகப் போடுவார். இருவருக்கும் எண் மதிப்பு ஒன்றே வரும். திசை மட்டும் எதிரெதிராக இருக்கும்.

செயல்பாடு 1: குறிப்பேட்டு அடுக்கு

தேவையானவை: ஒரே அளவுள்ள 20 குறிப்பேடுகள்.

குறிப்பேடுகளை மேசை மேல் ஒழுங்காக அடுக்கி, பக்கவாட்டில் சாக்பீஸால் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு போடுங்கள். மேல் ஏட்டின் மீது உள்ளங்கையை வைத்து மெல்ல வலப்புறமாகத் தள்ளுங்கள். நேர்கோடு சாய்ந்த கோடாகும். கோடு சாய்ந்த கோணம்தான் சறுக்குப்பெயர்ச்சித் திரிபு.

இப்போது 10ஆம் ஏட்டுக்கும் 11ஆம் ஏட்டுக்கும் இடையே உள்ள தளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: மேலே உள்ள 10 ஏடுகளை மட்டும் பாருங்கள். கை அவற்றை வலப்புறம் தள்ளுகிறது. ஆனாலும் அவை பறந்து போய்விடவில்லை. அப்படியென்றால் அவற்றை இடப்புறமாகப் பிடித்து இழுப்பது யார்? கீழே உள்ள 10 ஏடுகள்.

இரண்டாம் கேள்வி: கீழே உள்ள 10 ஏடுகளை மட்டும் பாருங்கள். மேசையின் உராய்வு அவற்றை இடப்புறமாகப் பிடித்திருக்கிறது. அவற்றை வலப்புறமாக இழுப்பது யார்? மேலே உள்ள 10 ஏடுகள்.

ஒரே தளம். அதில் மேல்பகுதியின் மீது இடப்புறமாக ஒரு விசை, கீழ்ப்பகுதியின் மீது வலப்புறமாக ஒரு விசை. இரண்டும் சமம், எதிரெதிர். நாம் நடத்தும் நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. ஏடுகளுக்கு இடையே உராய்வு செய்யும் வேலையைத் திண்மப் பொருளுக்குள் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு செய்கிறது.

ஆகவே ‘நடுத்தளத்தில் தகைவின் திசை என்ன?’ என்ற என் வினாவுக்கு ஒற்றை விடை கிடையாது. ‘நடுத்தளத்தில், மேல்பாதியின் மீது’ என்று கேட்டால் விடை இடப்புறம். ‘கீழ்ப்பாதியின் மீது’ என்று கேட்டால் விடை வலப்புறம். அந்த மாணவி மேல்பாதியைத் தனியாக வரைந்து, எந்தப் பகுதி என்பதையும் தானே சொல்லிவிட்டாள். வினாவில் நான் விட்டதை அவள் விடையில் நிரப்பியிருந்தாள்.

வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்

அடுத்த நாள் அவளே இன்னொன்றும் கேட்டாள்: “சார், நடுவுல படுக்கையா வெட்டாம நிமிர்த்தி வெட்டினா? சாய்வா வெட்டினா?”

இந்தக் கேள்வியைத்தான் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1822இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த கருத்து தீர்த்து வைத்தது. பொருளுக்குள் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி வழியாக எந்தத் தளத்தில் கற்பனையாக வெட்டுகிறோமோ, அந்தத் தளத்துக்கு ஏற்ப விசையின் அளவும் திசையும் மாறும். ஒரே புள்ளிதான், படுக்கையாக வெட்டினால் ஒரு விடை, நிமிர்த்தி வெட்டினால் ஒரு விடை, சாய்வாக வெட்டினால் வேறொரு விடை.

விசையைச் சொல்ல அளவும் ஒரு திசையும் போதும், அது வெக்டர். தகைவைச் சொல்ல இரண்டு திசைகள் வேண்டும். ஒன்று, வெட்டிய தளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. மற்றது, அந்தத் தளத்தின் மீது விசை எந்தப் பக்கம் செயல்படுகிறது என்பது. இப்படி இரண்டு திசைகளோடு இணைந்த அளவை டென்சர் என்கிறோம். இந்தச் சொல்லை மாணவர்களிடம் விரிக்கத் தேவையில்லை. ‘எந்த முகம்? எந்தப் பக்கம்?’ என்று இரண்டு கேள்விகளைப் பழக்கினால் போதும்.

நிமிர்த்தி வெட்டினால் என்ன, சாய்வாக வெட்டினால் என்ன என்ற அவள் கேள்விக்கு அடுத்த செயல்பாடுகள் விடை சொல்லும்.

செயல்பாடு 2: இரண்டு அம்புகள் போதாது

தேவையானவை: மெத்தைக் கடைகளில் கிடைக்கும் ஃபோம் துண்டு ஒன்று, ஸ்கெட்ச் பேனா.

ஃபோமை ஏறத்தாழ 10 செ.மீ. கனசதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மேசை மேல் ஒட்டாமல் வைத்து, மேல்பக்கத்தை வலப்புறமாகத் தள்ளுங்கள். மாணவர்களை அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்க ஓரம் மேசையை விட்டு எழும்பப் பார்க்கும். வலப்பக்க ஓரம் மேசையில் அழுந்தும்.

ஏன் இப்படி? மேலே வலப்புறம் ஒரு விசை, கீழே இடப்புறம் ஒரு விசை. இரண்டும் சமம், எதிரெதிர் என்பதால் கட்டை நகராது. ஆனால் அவை ஒரே கோட்டில் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்று 10 செ.மீ. தள்ளி இருக்கின்றன. தண்ணீர்க் குழாயை இரு விரலால் திருகுவதுபோல, இவை சேர்ந்து கட்டையைச் சுழற்றப் பார்க்கும். இதுதான் நாம் சொல்லும் இரட்டை.

கணக்கிட்டுப் பார்ப்போம். மேல்பக்க விசை 5 நியூட்டன் என்று கொள்வோம். மேல்பக்கப் பரப்பு 0.01 சதுர மீட்டர். சறுக்குத் தகைவு 500 பாஸ்கல். இரட்டையின் திருப்புத்திறன் 5 பெருக்கல் 0.1, அதாவது 0.5 நியூட்டன் மீட்டர், வலஞ்சுழியாக. கட்டை சுழலாமல் நிற்க வேண்டுமானால் இடஞ்சுழியாக அதே அளவு திருப்புத்திறன் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

நம் ஃபோம் கட்டையின் பக்கங்களில் காற்றுதான் இருக்கிறது. பிடிக்க யாரும் இல்லை. அதனால் மேசைதான் வலப்பக்கம் கூடுதலாக மேல்நோக்கித் தாங்கிச் சமன் செய்யப் பார்க்கிறது. இடப்பக்க ஓரம் எழும்புவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் பெரிய ஒரு கட்டையின் நடுவில், நான்கு பக்கமும் அதே பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு கனசதுரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பக்கத்தில் இருக்கும் பகுதிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். வலப்பக்க முகத்தின் மீது மேல்நோக்கி 5 நியூட்டன், இடப்பக்க முகத்தின் மீது கீழ்நோக்கி 5 நியூட்டன். இவற்றின் திருப்புத்திறன் இடஞ்சுழியாக 0.5 நியூட்டன் மீட்டர். கணக்கு நேராகிவிட்டது.

எனவே படுக்கைத் தளங்களில் சறுக்குத் தகைவு இருந்தால், அதற்குச் செங்குத்தான தளங்களிலும் அதே அளவு சறுக்குத் தகைவு இருந்தே தீரும். கனசதுரமாக இல்லாவிட்டாலும் இது மாறாது. அகலம் 10 செ.மீ., உயரம் 5 செ.மீ., கனம் 10 செ.மீ. கொண்ட துண்டை எடுங்கள். மேல்முகத்தில் 500 பாஸ்கல் என்றால் விசை 5 நியூட்டன், இடைவெளி 0.05 மீட்டர், திருப்புத்திறன் 0.25 நியூட்டன் மீட்டர். பக்கமுகத்திலும் 500 பாஸ்கல் என்றால் விசை 2.5 நியூட்டன், இடைவெளி 0.1 மீட்டர், திருப்புத்திறன் அதே 0.25 நியூட்டன் மீட்டர். விசைகள் வேறு; தகைவு ஒன்றே. இரண்டு கோணங்கள் சேர்ந்து 90 பாகையை நிரப்பினால் நிரப்புக் கோணங்கள் என்கிறோம் அல்லவா? அதுபோல இதை நிரப்புச் சறுக்குத் தகைவு என்று என் வகுப்பில் சொல்லிக்கொள்கிறோம்.

கரும்பலகையில் படம் போடும்போது சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் அம்புகளைப் போட்ட பிறகு மூலைகளைப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகளில் அம்புகள் வந்து சந்திக்க வேண்டும். மற்ற இரண்டு மூலைகளில் அம்புகள் விலகிச் செல்ல வேண்டும். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி ஓடினால் படம் தவறு. அந்தச் சதுரம் பம்பரம்போலச் சுழன்றுவிடும்.

செயல்பாடு 3: வட்டம் எப்படி மாறுகிறது?

அதே ஃபோம் துண்டின் முன்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் வரையுங்கள். ஒரு கையால் அடிப்பக்கத்தை அழுத்திப் பிடித்து, மறு கையால் மேல்பக்கத்தை வலப்புறம் தள்ளுங்கள். வட்டம் நீள்வட்டமாகும். அதன் நீண்ட அச்சு இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலையை நோக்கி, ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இருக்கும்.

நாம் பக்கவாட்டில்தான் தள்ளினோம். ஆனால் பொருள் ஒரு மூலைவிட்டத் திசையில் நீள்கிறது, மற்ற மூலைவிட்டத் திசையில் சுருங்குகிறது. அம்புகள் சந்திக்கும் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டம் நீளும். அம்புகள் விலகும் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டம் சுருங்கும்.

மேல்நிலை மாணவர்களுக்கு இதைக் கணக்காகவும் காட்டலாம். 1 அலகுப் பக்கமுள்ள சதுரத்தை இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்வாக வெட்டுங்கள். மேலே கிடைக்கும் முக்கோணத்தின் மேல்பக்கத்தில் வலப்புறமாகவும், வலப்பக்கத்தில் மேல்நோக்கியும் சமமான விசைகள். இவற்றின் தொகுபயன் 45 பாகையில் வலது மேல் மூலையை நோக்கி இருக்கும். அளவு ஒரு விசையைப்போல மூல வர்க்கம் 2 மடங்கு. வெட்டிய கர்ணத்தின் நீளமும் மூல வர்க்கம் 2. வகுத்தால் முன்பிருந்த அதே தகைவு கிடைக்கிறது. ஆனால் இப்போது அது வெட்டிய பரப்புக்குச் சரியாகச் செங்குத்தாக, வெளிநோக்கி இழுக்கிறது. படுக்கையாகவும் நிமிர்த்தியும் வெட்டியபோது சறுக்குத் தகைவாக இருந்தது, சாய்வாக வெட்டியதும் நீட்சித் தகைவாகிவிட்டது. மற்ற மூலைவிட்டத்தில் வெட்டினால் அதே அளவு அமுக்கத் தகைவு கிடைக்கும். மாணவர்களே வரைந்து பார்க்கட்டும்.

செயல்பாடு 4: முறுக்கினால் எப்படி உடையும்?

இதுதான் என் வகுப்பில் மாணவர்கள் அதிகம் ரசித்த செயல்பாடு. செலவு ஒரு பெட்டி சாக்பீஸ்.

முதலில் ஒரு முழு சாக்பீஸை வளைத்து உடையுங்கள். உடைந்த முகம் ஏறத்தாழத் தட்டையாக, நீளத்துக்குக் குறுக்காக இருக்கும். அடுத்து இன்னொரு சாக்பீஸை வளைக்காமல் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். உடைந்த முகம் சாய்வாக, திருகு வடிவில் சுற்றி வரும். சாய்வு ஏறத்தாழ 45 பாகை இருக்கும். மூன்றாவது சாக்பீஸை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் திருகலும் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு சாக்பீஸ் உடைத்துப் பார்த்து, உடைந்த துண்டுகளை மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் முறுக்கியது என்பதைத் துண்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

காரணம் மேலே பார்த்ததுதான். முறுக்கும்போது சாக்பீஸின் குறுக்குத் தளங்களில் சறுக்குத் தகைவு உண்டாகிறது. 45 பாகைச் சாய்வில் அது நீட்சித் தகைவாகத் தெரிகிறது. சாக்பீஸ் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே இழுப்பு மிகுந்த சாய்வுத் தளத்திலேயே அது பிளக்கிறது.

இப்போது காய்ந்த மெல்லிய மூங்கில் குச்சியை முறுக்குங்கள். அது சாய்வாக உடையாமல் நீளவாக்கில் பிளக்கும். மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நாருக்கும் நாருக்கும் இடையே பிடிப்பு குறைவு. நீளவாக்குத் தளத்தில் உள்ள நிரப்புச் சறுக்குத் தகைவு அங்கே நாரை நாரிலிருந்து சறுக்கிப் பிரித்துவிடுகிறது. ‘பக்கவாட்டு முகங்களில் அம்புகள் உண்மையிலேயே இருக்கிறதா சார்?’ என்று கேட்கும் மாணவருக்கு இந்தக் குச்சியே சான்று.

கடைசியாகக் கட்டடத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியில் ஒரு துண்டு. ஒரு முனையை நன்றாகப் பிடித்துக்கொண்டு, கம்பியை நேராக வைத்து, மறு முனையை இடுக்கியால் ஒரே பக்கமாகப் பலமுறை முறுக்குங்கள். அது குறுக்காக, தட்டையாக அறுபடும். மெல்லிரும்பு இழுப்பை நன்கு தாங்கும். சறுக்கில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். குறுக்குத் தளத்தில் சறுக்குத் தகைவு மிகுதி என்பதால் அங்கே அறுபடுகிறது.

மூன்று பொருள்கள், முறுக்கு ஒன்றே. சாக்பீஸ் சாய்வாகவும், மூங்கில் நீளவாக்கிலும், கம்பி குறுக்காகவும் போகின்றன. ஒரே தகைவு நிலையின் மூன்று முகங்களை அவை காட்டுகின்றன. எந்தப் பொருளுக்கு எங்கே பலம் குறைவோ அந்த முகத்தில் அது உடைகிறது.

மூங்கில் சிம்பு கையில் ஏறும், கம்பி முனை கண்ணில் படலாம். இந்த இரண்டையும் ஆசிரியரே செய்து காட்டுவது நல்லது.

வகுப்பறைக்கு வெளியே

அடித்தளத்தின் ஒரு பகுதி மட்டும் கீழே இறங்கிவிட்டால் சுவரில் விரிசல் பெரும்பாலும் சாய்வாக, சன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும். நிலநடுக்கத்தில் சுவர் இரு பக்கமும் மாறி மாறிச் சறுக்கப்படுவதால் இரண்டு சாய்வு விரிசல்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும். செங்கல் சுவரும் கான்கிரீட்டும் சாக்பீஸைப் போல இழுப்பைத் தாங்காதவை. கான்கிரீட் பீமில் தாங்குதூணுக்கு அருகே சாய்வு விரிசல் வராமல் காக்கத்தான் நீளக் கம்பிகளைச் சுற்றி ரிங் கம்பிகளைக் கட்டுகிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் அவற்றை நெருக்கமாக வைப்பதும் அதற்காகவே. பள்ளிச் சுவரில் பூச்சில் தெரியும் மெல்லிய கீறல் வேறு. சாய்வாக ஏறி அகலமாகிக்கொண்டே போகும் விரிசல் வேறு. இரண்டாவதைக் கண்டால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பொறியாளரைக் கொண்டு பார்க்கச் செய்ய வேண்டும்.

மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை விதியால் நம் மாணவர்கள் அறிந்த கூலூம், அடிப்படையில் ஒரு கட்டுமானப் பொறியாளர். 1773இல் அவர் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில், மேலிருந்து நேராக அமுக்கப்படும் கல்தூண் ஒரு சாய்வுத் தளத்தில் சறுக்கி உடைவதை ஆராய்ந்தார். நாம் சறுக்கை வைத்துத் தொடங்கிச் சாய்வில் இழுப்பைக் கண்டோம். அவர் அமுக்கத்தில் தொடங்கிச் சாய்வில் சறுக்கைக் கண்டார்.

சமூக அறிவியல் பாடத்தோடும் ஓர் இணைப்பு உண்டு. ஓய்வில் இருக்கும் நீர்மம் சறுக்குத் தகைவைத் தாங்கி நிற்காது. அது வழிந்து ஓடிவிடும். திண்மம் தாங்கி நின்று, விசையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நிலநடுக்கத்தின் இரண்டாம் நிலை அலைகள் பொருளைப் பக்கவாட்டில் சறுக்கிச் செல்பவை. ஆகவே அவை புவியின் நீர்ம நிலையிலுள்ள வெளிக்கருவத்தின் ஊடே செல்வதில்லை. புவியின் உள்ளே நீர்மப் பகுதி இருப்பதை அறிய இதுவும் ஒரு சான்றாக அமைந்தது.

எந்த வகுப்பில் எவ்வளவு?

தொடக்க வகுப்புகளில் தகைவு என்ற சொல்லே வேண்டாம். ரப்பர் துண்டை அமுக்கு, இழு, சறுக்கு என்று மூன்று செயல்களையும் செய்யவைத்து, வடிவம் எப்படி மாறுகிறது என்று சொல்லச் செய்தால் போதும். ஃபோமில் வரைந்த வட்டம் முட்டை வடிவமாவது அந்தக் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

ஆறு முதல் பத்து வகுப்புகளில் குறிப்பேட்டு அடுக்கைக் கொண்டு உராய்வையும் நியூட்டனின் மூன்றாம் விதியையும் நடத்தலாம். ‘விசை யார் மீது? யார் கொடுத்தது?’ என்று ஒவ்வொரு படத்திலும் கேட்டுப் பழக்கினால் மேல்நிலையில் பாதி வேலை குறையும்.

மேல்நிலையில் நான்கு அம்புகளும் 45 பாகைச் சாய்வும் வரை செல்லலாம். பொறியியல், பாலிடெக்னிக் பக்கம் போகும் மாணவர்கள் அங்கே இதைச் சந்திப்பார்கள்.

வினாத்தாள் அமைக்கும்போது மூன்றைக் கவனிக்கலாம்.

1. எந்தத் தளம் என்று சொல்ல வேண்டும்.
2. அந்தத் தளத்தின் எந்தப் பக்கத்துப் பகுதியின் மீது என்று சொல்ல வேண்டும்.
3. கேட்பது வெளியிலிருந்து கொடுத்த விசையா, பொருளுக்குள் எழும் மீள்விசையா என்று சொல்ல வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றை வினா விட்டுவிட்டால், மாணவர் தாம் எதை எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாரா என்று பார்த்து, அதன்படி மதிப்பெண் தர வேண்டும்.

நான் என்ன செய்தேன்?

அடுத்த நாள் வகுப்பில் குறிப்பேட்டு அடுக்கை மேசையில் வைத்துத் தள்ளிக் காட்டினேன். அந்த மாணவியை அழைத்து, அவள் விடையை அவளையே கரும்பலகையில் விளக்கச் சொன்னேன். “வினாவை நான் சரியா கேட்கலை. இவ சரியா எழுதியிருக்கா” என்று வகுப்பின் முன் சொல்லி, விடைத்தாளை வாங்கி இரண்டு மதிப்பெண்ணைச் சேர்த்துக் கையொப்பமிட்டேன். வலப்புறம் அம்பு போட்டவர்களிடம் எந்தப் பாதியை நினைத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் நடத்திய பாடத்திலும் அது இருக்கவில்லை. ஆகவே அவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. பாடத்தைத்தான் முதலிலிருந்து நடத்தினேன்.

அவள் நிமிர்த்தியும் சாய்வாகவும் வெட்டச் சொன்னது அந்த வகுப்பில்தான். அன்று எனக்கும் உடனே விடை சொல்ல வரவில்லை. “நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேம்மா” என்றேன். அந்த வாரக் கடைசியில்தான் சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.